கையில மருந்து இருக்கு

போன மாதம் சுகந்தி என் செல்போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். காரியாபட்டிப் பெண். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய இரண்டு வருடம் என்னோடு வேலை பார்த்த நர்ஸ். இப்போது மதுரையில் தீக்காயப் பிரிவில் இருக்கிறாள். வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தாள்: ‘அக்கா, இதை எங்க டிரெய்னிங்ல போட்டாக. கருகின தோலைக் கீறிவிடுறதை இவ்வளவு தெளிவா நான் எங்கயும் பார்த்ததில்ல. சிவகாசிப் பக்கம்னு சொன்னாக. இந்தப் பொம்பளை ஏன்க்கா இம்புட்டு லேட்டா ஆஸ்பத்திரிக்கு வந்தாக? ரெண்டு விரல் போயிருச்சாமே.’

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். முழங்கையிலிருந்து கீழே ஒரு கை. கருகாமல் தப்பிய இடத்தில் பச்சை குத்திய மூன்று புள்ளிகள். அந்தக் கையை அசையாமல் பிடித்துக்கொண்டு உறை போட்ட இன்னொரு கை. அந்த இன்னொரு கை என்னுடையது. பின்னணியில் பழகிய ஆண் குரல், நிதானமாக, ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்கிறது: ‘நோயாளி காலதாமதமாக வந்த காரணத்தால் இரண்டு விரல்களைக் காப்பாற்ற இயலவில்லை.’

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பொய் சாகவில்லை. சி.டி.யாக இருந்தது, இப்போது செல்போனுக்குள் புகுந்துகொண்டு மதுரை வரைக்கும் வகுப்பு எடுக்கிறது. சுகந்திக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு வரியில் அடங்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ஜமீலா. சொந்த ஊர் விருதுநகர். வாப்பாவுக்கு வத்தல் மண்டி. எங்கள் வீட்டுப் பெண்களில் நர்ஸ் வேலைக்குப் போனது நான்தான், அதற்கு நடந்த சண்டையை இன்னொரு நாள் யாராவது கேட்டால் சொல்கிறேன். படித்து முடித்ததும் சிவகாசிக்கு வெளியே, சாலையோரத்தில் நாற்பது படுக்கையோடு இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அதன் பெயர் வேண்டாம். சேர்ந்த முதல் மாதமே ஒரு அசட்டுக் கேள்வி கேட்டு அந்த ஆஸ்பத்திரி முழுக்கச் சிரிக்க வைத்தேன். பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணிடம் என்ன வேலை என்று விசாரித்தேன். “மருந்துல வேலை பார்க்கேன்க்கா” என்றாள். “எந்த மருந்துக்கடையில?” என்று கேட்டுவிட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இருபத்தைந்து கிலோமீட்டர்தான், விருதுநகரில் மருந்து என்றால் பாட்டிலில் இருப்பது. சிவகாசியில் மருந்து என்றால் பட்டாசுக்குள் அடைப்பது. எனக்கு அது சிரிப்போடு போயிற்று. எல்லாருக்கும் அப்படிப் போகவில்லை.

பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லாரும் அவரைப் பெரிய டாக்டர் என்றுதான் சொல்வோம். கெட்டிக்காரர். கத்தி பிடிக்கிற கையில் அவருக்கு நிகராக நான் யாரையும் பார்க்கவில்லை, அதை மறுத்தால் என் நாக்கு அழுகிவிடும். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில், சென்னையில் ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டு ஒரு பை நிறைய சி.டி.யோடு வந்தார். எல்லாம் அறுவை சிகிச்சைப் படங்கள். துணி மடிக்கிற அறையில் டி.வி. வந்தது, பிளேயர் வந்தது. வியாழக்கிழமை தோறும் ஓ.பி. முடிந்ததும் சி.டி. வகுப்பு. டாக்டர், நர்ஸ், தியேட்டர் அட்டெண்டர் எல்லாரும் வர வேண்டும்.

படம் ஓடும். திடீரென்று நிறுத்துவார். பேனாவின் மூடியால் திரையைத் தொட்டு, “இப்ப என்ன தெரியுது?” என்பார். ரத்தம் ஓடவில்லை என்று யாராவது சொன்னால், “அது நீங்க நினைக்கிறது. தெரியுறதைச் சொல்லுங்க” என்று பின்னால் ஓட்டி மறுபடி போடுவார். நகம் வெளுத்திருக்கிறது என்று சொல்கிற வரைக்கும் விட மாட்டார். அந்தப் பழக்கம் நல்ல பழக்கம். பதினைந்து வருடமாக அவருக்குக் கருவி எடுத்துக் கொடுத்த எனக்கு, தோலுக்கு அடியில் எந்த நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அந்த அறையில்தான் தெரிந்தது. கத்தி எங்கே நிற்க வேண்டும், ஏன் நிற்க வேண்டும் என்று தெரிந்தபிறகு என் வேலையே வேறு மாதிரி ஆயிற்று.

ஆனால் படத்தில் வருகிற கைகள் எல்லாம் வெள்ளைக்காரர் கைகள். தோல் சிவந்தால் மேலோட்டமான காயம் என்று படம் சொல்லும். அங்கே சிவப்பு பளிச்சென்று தெரியும். எங்கள் ஆட்களின் தோலில் எந்தச் சிவப்பைத் தேடுவது? அதிலும் பட்டாசு ஆலையிலிருந்து வருகிற பெண்ணின் கை முழங்கை வரைக்கும் அலுமினியத் தூள் ஏறிச் சாம்பல் நிறத்தில் மினுங்கும், நகக்கண் உட்பட. ஒரு வியாழக்கிழமை இதை நான் கேட்டேன். “நிறத்தைப் பார்க்காதீங்க சிஸ்டர், அடையாளத்தைப் பாருங்க” என்றார். நிறம்தானே ஐயா அடையாளம் என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

அப்படியொரு வகுப்பில் வெள்ளி கலந்த தீக்காயக் களிம்பைப் பற்றிப் படம் போட்டார். வெள்ளையாகக் கெட்டியாகத் தடவி, மேலே ஈரத் துணி வைத்துக் கட்டி, பன்னிரண்டு மணி நேரம் தொடாமல் விட வேண்டும். நான்கு நாள் கழித்து முத்துமாரி வந்தாள்.

நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு ஆலையில் குழாயில் மருந்து அடைக்கிற வேலை அவளுக்கு. வயது இருபத்தெட்டு. காலையில் அடைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்துத் தட்டில் குப்பென்று பிடித்திருக்கிறது. வலது கை முழங்கைக்குக் கீழே வெந்துவிட்டது. கூட வேலை பார்த்த நாத்தனார் செல்வி, அவளைத் தூக்கி வாசலில் நின்ற லோடு ஆட்டோவில் போட்டு நேராக எங்களிடம் கொண்டுவந்துவிட்டாள். ஓ.பி. சீட்டில் நேரம் ஒன்பது நாற்பது. விபத்து நடந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

டூட்டி டாக்டர் கிருஷ்ணகிரிப் பக்கத்து இளைஞர், சேர்ந்து இரண்டு மாதம். அன்றைக்கு அவரும் செல்வியும் பேசிக்கொண்டதை இரண்டு பேருமே பிற்பாடு என்னிடம் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதிலும் ஒரு வார்த்தை மாறவில்லை.

“கையில மருந்து இருக்கு சார்.”

“என்ன மருந்து?”

“வெள்ளி மருந்து சார்.”

அலுமினியத் தூள் கலந்ததை அவர்கள் அறையில் அப்படித்தான் சொல்வார்கள்.

“எங்க வச்சு?”

“கம்பெனியில வச்சுத்தான் சார்.”

“சரி, நல்லதாப் போச்சு.”

“நல்லதா? அதை எடுத்துருங்க சார். ஈரம் பட்டா சூடு ஏறும்.”

“அதெல்லாம் எடுக்கக் கூடாதும்மா. நீங்க வெளிய இருங்க.”

கை முழுக்க வெண்சாம்பலாகப் பூசியிருந்தது. நான்கு நாள் முன்னால் டி.வி.யில் பார்த்த களிம்பு காய்ந்தால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்திருக்கிறது. ஆலையிலேயே முதலுதவி செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அவர் நினைத்தார். தெரிந்ததைப் பார்க்கவில்லை, நினைத்ததைப் பார்த்தார். கழுவவில்லை. மேலே ஈரத் துணி வைத்துக் கட்டினார். பிளாஸ்டரில் தன் கையால் 9.50 என்று நேரமும் எழுதினார், படத்தில் அப்படித்தான் எழுதச் சொல்லியிருந்தது.

எரியாமல் மிஞ்சிய பட்டாசு மருந்தில் கொஞ்சம் ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று நாரணாபுரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மழைநாளில் மருந்து அறையைத் திறக்கப் பயப்படுகிற ஊர் அது. குடம் குடமாக ஊற்றினால் அடித்துக்கொண்டு போய்விடும். சொட்டு ஈரம்தான் எமன். உள்ளே புழுங்கும், சூடேறும், தோலை அரிக்கிற காரம் கிளம்பும். அதை ஒரு கையோடு சேர்த்து வைத்துக் கட்டிவிட்டோம்.

மத்தியானம் இரண்டு மணிக்கு நான் டூட்டிக்கு வந்தேன். முத்துமாரி கண்ணை மூடியபடி முனகிக்கொண்டிருந்தாள். “அக்கா, கை கொதிக்குதுக்கா” என்றாள். சீட்டைப் பார்த்தேன். ‘மருந்து ஏற்கெனவே இடப்பட்டுள்ளது. பன்னிரண்டு மணி நேரம் கட்டைப் பிரிக்க வேண்டாம்.’ அதை நான் நம்பினேன். “மருந்து போட்டா எரியத்தான் செய்யும், பொறுத்துக்கோம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனேன். இதை மறைத்தால் நானும் அந்த வீடியோவில் பேசுகிற குரலும் ஒன்றுதான். என் கணக்கில் அரை மணி நேரம் இருக்கிறது.

இரண்டரைக்கு வார்டு ஜன்னல் கம்பியில் ஒரு முகம். செல்வி. காலையிலிருந்து உள்ளே விடாமல் வெளியிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஜன்னலாகத் தேடி வந்திருக்கிறாள். “அக்கா, நீங்களாவது கேளுங்கக்கா. அவ கையில மருந்து இருக்கு. கட்டு ஈரமா இருக்கு” என்றாள். அழவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போயிருந்தது.

மருந்து. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்க் கட்டை மூக்கருகே வைத்தேன். களிம்பு வாசனை இல்லை. கண்ணில் நீர் வருகிற நெடி. கட்டின் மேல் கையை வைத்தால் சுட்டது. வெளியே தெரிந்த விரல்கள் வீங்கி, கடைசி இரண்டும் ஐஸ்கட்டியாகச் சில்லிட்டிருந்தன. யாரிடமும் கேட்காமல் கத்தரிக்கோலை எடுத்தேன். இரண்டு நாற்பதுக்குக் கட்டைப் பிரித்தேன் என்று நர்ஸ் நோட்டில் எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டைத் தூக்கிப் போட மனம் வரவில்லை, பெரிய டாக்டர் பார்க்க வேண்டும் என்று டிரேயில் வைத்தேன், அந்த டிரே பிறகு அவளோடு தியேட்டருக்கும் வந்தது. ஒட்டியிருந்த தூளை உலர்ந்த துணியால் தட்டி எடுத்துவிட்டு, அவளைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டுபோய்த் தண்ணீரைத் திறந்து விட்டேன். முத்துமாரி என் தோளைக் கடித்தாள். கடிக்கட்டும் என்று நின்றேன்.

பெரிய டாக்டர் வந்தார். நகத்தைத் துடைக்கச் சொல்லி ஒவ்வொன்றாக அழுத்தி விட்டுப் பார்த்தார். கட்டைவிரலில் நிறம் மெதுவாகத் திரும்பியது. கடைசி இரண்டில் திரும்பவே இல்லை. கருகிய தோல் இறுகி, உள்ளே வீங்கிய சதையைச் சுற்றி வளையல் போட்டது போல நெரித்துக்கொண்டிருந்தது. “தியேட்டர்” என்றார். அடுத்த வார்த்தை, “வீடியோக்காரரைக் கூப்பிடுங்க.”

எங்கள் ஆஸ்பத்திரியும் சொந்தமாக சி.டி. போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்குக் கல்யாண வீடியோ எடுக்கிற தங்கராஜைப் பிடித்து வைத்திருந்தார். தங்கராஜ் முதல் தடவை ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தவர், பிறகு பழகிவிட்டார். அன்றைக்கு இருக்கன்குடிக்குக் கிளம்ப இருந்தவர், அந்த மொட்டை போடுகிற விசேஷத்தைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு உடனே வந்தார். உன் கையைப் படம் எடுக்கப் போகிறோம் என்று முத்துமாரியிடம் யாரும் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு வாங்கிய கைரேகையே அதற்கும் போதும் என்று விட்டுவிட்டார்கள். அதுவும் இடது கை ரேகை.

அந்த ஆபரேஷனைக் குறை சொல்ல மாட்டேன். கட்டைவிரல் பக்கம் ஒரு கீறல், சுண்டுவிரல் பக்கம் ஒரு கீறல். முழங்கையின் உள்பக்க எலும்பு முண்டுக்குப் பின்னால் நரம்பு ஓடுகிறது, அதனால் கத்தி முண்டுக்கு முன்னாலேயே நின்றது. புறங்கையில் எலும்புகளுக்கு நடுவே இன்னும் இரண்டு. கத்தி போகப் போகத் தோல் தானாகப் பிளந்து விலகியது. அதுவரை செத்ததுபோல் கிடந்த நடுவிரல் என் கைக்குள்ளேயே சூடாவதை உணர்ந்தேன். மூன்று விரல் பிழைத்தது. மோதிர விரலும் சுண்டுவிரலும் பிழைக்கவில்லை. பத்து நாள் கழித்து அவற்றை எடுத்தோம்.

இரண்டு மாதம் போனபிறகு ஒரு வியாழக்கிழமை எங்கள் சொந்த சி.டி. தயார் என்றார்கள். வெளி ஆஸ்பத்திரிகளிலிருந்து இரண்டு டாக்டர்கள், நர்சிங் பள்ளி மாணவிகள் என்று அறை நிறைந்திருந்தது. பெரிய டாக்டரே குரல் கொடுத்திருந்தார். முதல் நிமிடத்திலேயே அந்த வாக்கியம் வந்தது. காலதாமதமாக வந்த நோயாளி. டூட்டி டாக்டரைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீறல் முடிந்த இடத்தில் பெரிய டாக்டர் படத்தை நிறுத்தினார். பேனா மூடியால் திரையைத் தொட்டார். “இப்ப என்ன தெரியுது?”

மாணவிகள் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். நான் எழுந்தேன்.

“தெரியுறதைச் சொல்றேன் சார். வலது ஓரத்துல டிரே தெரியுது. அதுல ஒரு கட்டு கிடக்கு. பிளாஸ்டர்ல 9.50ன்னு எழுதியிருக்கு. அது நம்ம ஆஸ்பத்திரிக் கட்டு. மேல சுவர்ல கடிகாரம் தெரியுது. மூணு இருபது.”

தங்கராஜ் புண்ணியவான். கல்யாண வீட்டில் பந்தி, பந்தல், வாசலில் கிடக்கிற செருப்பு வரைக்கும் எடுத்துப் பழகியவர். ஆபரேஷனிலும் சுற்றுவட்டாரம் முழுக்க எடுத்து வைத்திருந்தார்.

பெரிய டாக்டர் மிக மெதுவாகச் சொன்னார், “சிஸ்டர், டிரேயைப் பார்க்காதீங்க. காயத்தைப் பாருங்க.” படத்தை ஓடவிட்டார்.

சாயங்காலம் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், அது வழக்கமில்லை. “படிக்கிறவங்களுக்குக் குழப்பம் வேண்டாம் சிஸ்டர். அந்த டாக்டருக்கு இனிமேதான் வாழ்க்கையே இருக்கு. ஒரு வார்த்தையில வந்த தப்பு.”

“அந்த ஒரு வார்த்தையைத்தான் சார் படத்துல முதல்ல வைக்கணும். இங்க வர்ற அடுத்த டாக்டருக்கு அதைவிடப் பெரிய பாடம் எது?”

“நீங்க கோபமா இருக்கீங்க.”

“ஆமா சார். கோபமாத்தான் இருக்கேன்.”

அடுத்த வாரம் புது சி.டி. வந்தது. டிரேயும் கடிகாரமும் இல்லை. தங்கராஜை உட்கார வைத்து ஓரத்தை வெட்டி, கையை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். குரல் அப்படியே இருந்தது. என்னைத் தியேட்டரிலிருந்து ஓ.பி.க்கு மாற்றினார்கள். ஓய்வு பெறுகிற வரைக்கும் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. என் வயிற்றெரிச்சல் வேறு.

கட்டு மாற்றிக்கொள்ள ஓ.பி.க்கு வந்த முத்துமாரிதான் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் காலண்டர் அச்சடிக்கிற ஆபீசில் வேலை. எழுத்து பழக்கம். டிஸ்சார்ஜ் சீட்டில் இங்கிலீஷில் இருந்த ‘லேட்’ என்ற வார்த்தையைக் கூட்டிப் படித்துவிட்டார். அன்றிலிருந்து கூடப்பிறந்த தங்கையோடு பேச்சு இல்லை. “எங்க நின்னா, எதுக்கு நின்னா, பஸ்சுக்குக் காத்துக்கிட்டு கிடந்தாளான்னு கேட்காருக்கா. செல்வி சோத்துத் தட்டைத் தனியா எடுத்துட்டுப் போயிருதா. நான் சொன்னா, உனக்கு மயக்கத்துல என்ன தெரியும்ங்காரு.”

அந்த வெள்ளிக்கிழமை நாரணாபுரத்துக்கு பஸ் ஏறினேன். ஓ.பி. பதிவேட்டிலும் நர்ஸ் நோட்டிலும் இருந்ததைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். தெரிந்தால் வேலை போகும். போகட்டும் என்றிருந்தது. வீட்டுக்காரர் முன்னால் நின்று, ஒரு வரியையும் விடாமல் வாசித்தேன். ஒன்பது நாற்பதுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒன்பது ஐம்பதுக்கு நாங்கள் கழுவாமல் கட்டினோம். இரண்டு மணிக்கு நான் பார்த்தும் பிரிக்கவில்லை. இரண்டு நாற்பதுக்குப் பிரித்தோம்.

அவர் தாளை வாங்கித் தானே ஒரு தடவை வாசித்தார். பிறகு உள்ளே பார்த்து, “ஏத்தா செல்வி, இங்கன வா” என்றார். தாளை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

செல்வி தாளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீக. மருந்தை மருந்துன்னுதானே சொல்லுவோம். நான் வேற என்னன்னு சொல்லியிருக்கணும்?”

 

இவ்வளவையும் எழுதிவிட்டு சுகந்தியைப் போனில் கூப்பிட்டேன். அந்த வீடியோ இன்டர்நெட்டில் இருக்கிற இடத்தில், அதற்குக் கீழே பார்க்கிறவர்கள் ஏதாவது எழுத இடம் உண்டாமே, அதில் ஒரே ஒரு வரி எழுது என்றேன். ‘இவர் தாமதமாக வரவில்லை, காலை 9.40க்கு வந்துவிட்டார், தாமதித்தது ஆஸ்பத்திரி.’ எழுதி என் பெயரையும் போடச் சொன்னேன். போட்டாள்.

மறுநாள் காலையில் அவளே கூப்பிட்டாள். “அக்கா, நாம எழுதினதை அழிச்சுட்டாக.”

“திரும்ப எழுது” என்றேன்.